மரபு எது, மரபுசாராதது எது? திருச்சிக்கு மின்சாரம் வந்த கதை

நம் குடியிருப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் போன மாதம் சுற்றறிக்கை வந்ததைப் பார்த்திருப்பீர்கள். மொட்டை மாடியில் சோலார் போடுவதா வேண்டாமா என்று அடுத்த பொதுக்குழுவில் முடிவெடுக்க வேண்டும். அதில் "மரபுசாரா எரிசக்தி" என்று ஒரு சொல் இருந்தது. லிஃப்டில் என்னைப் பார்த்த இரண்டு மூன்று பேர், "சார், அது என்ன மரபுசாரா? அப்படியானால் மரபு எது?" என்று கேட்டார்கள். நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் பார்த்தவன். எந்தத் தொகை எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று கேட்பது எனக்குப் பழகிப்போன கேள்வி. எனவே இதையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் நம் வீடுகளின் தொடக்க இருப்பு என்ன என்று பாருங்கள். உங்களில் அறுபதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்ரீரங்கத்து வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும். காப்பிக்குக் குமுட்டி அடுப்பும் கரியும். கொஞ்சம் சிக்கனமான வீடுகளில் மரத்தூள் அடுப்பு. நடுவில் ஒரு கட்டையை வைத்துத் தூளை இறுக்கிவிட்டு, கட்டையை உருவினால் ஓட்டை விழும், அதில் தீ மூட்டினால் பல மணி நேரம் எரியும். ஆற்றங்கரைக் கிராமங்களில் வரட்டி. வயலுக்குத் தண்ணீர் இறைக்க மாடு கட்டிய கவலை. ஆற்றுப் பாசனத்துக்கு அதுவும் தேவையில்லை. நம் உய்யக்கொண்டான் வாய்க்காலில் சோழர் காலம் முதல் தண்ணீர் தானாகவே சரிவில் ஓடி வயலை எட்டுகிறது. பூமியின் சாய்மானம்தான் அதற்கு எஞ்சின்.

ஆக, நம் முன்னோரின் மரபு என்றால் விறகு, சாணம், மாடு, வெயில், ஓடும் தண்ணீர். ஆனால் அரசாங்கக் கணக்கில் இவற்றில் பலவற்றுக்கு "மரபுசாரா" என்று பெயர். பூமிக்கடியிலிருந்து தோண்டி எடுத்த நிலக்கரியும் எண்ணெயும் "மரபு". நேற்று வந்த மருமகன் வீட்டுக்காரராகிவிட்டார், வீட்டுக்காரர் விருந்தாளியாகிவிட்டார்! இந்தத் தலைமாற்றம் எப்படி நடந்தது என்பதற்குத் திருச்சியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் முதலில் ஊருக்குள் வந்தபோது அது தனியார் வியாபாரம். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் விநியோகம் செய்தது சவுத் மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற கம்பெனி. பழைய ஆட்கள் "எஸ்.எம்.இ.எஸ்.சி." என்பார்கள். அந்தக் காலத்தில் ஊர்களில் இருந்த இப்படிப்பட்ட கம்பெனிகள் பெரும்பாலும் எண்ணெய் எஞ்சினை ஓட்டித்தான் மின்சாரம் தயாரித்தன. அளவு குறைவு, விலை அதிகம். தெருவிளக்கு, சில பங்களாக்கள், சினிமாக் கொட்டகை என்ற அளவில் இருந்தது.

நிலைமையை மாற்றியது மேட்டூர். 1925-ல் தொடங்கிய அணை வேலை முடிந்து 1934 ஆகஸ்ட் 21-ல் திறக்கப்பட்டது. சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரை அணைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் வைத்தார்கள். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணையை ஒட்டிய மின் நிலையம் 1937-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நீலகிரியில் பைக்காரா அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1932-ல் ஓடத் தொடங்கியிருந்தது. கோயம்புத்தூரில் மில்கள் பெருகியதற்குப் பைக்காரா காரணம் என்றால், திருச்சி, தஞ்சைப் பக்கம் மின்கம்பி நீண்டதற்கு மேட்டூர் காரணம். பிறகு இரண்டையும் ஈரோட்டில் இணைத்தார்கள். ஒரு இடத்தில் தண்ணீர் குறைந்தால் மறு இடம் தாங்கும் என்ற ஏற்பாடு அப்போதே வந்துவிட்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மேட்டூர் கட்டியது பாசனத்துக்காக. ஜூன் 12-ல் குறுவைக்குத் தண்ணீர் திறப்பது வழக்கம். தண்ணீர் திறந்தால் டர்பைன் சுற்றும், மூடினால் நிற்கும். ஆகவே அங்கே மின்சாரம் என்பது இரண்டாவது பிள்ளை. தண்ணீர் கேட்கும் விவசாயிதான் முதல் பிள்ளை. கர்நாடகத்தில் மழை பொய்த்த வருஷங்களில் இரண்டு பிள்ளைகளுக்குமே பட்டினிதான். நீர்மின்சாரம் மலிவு, சுத்தம், ஆனால் வானத்தை நம்பியது. 'எப்போதும் கிடைக்காது' என்று இன்று சோலாரைப் பற்றிச் சொல்கிறோமே, அந்தக் குறை காவிரிக்கும் உண்டு. காலையும் மாலையுமாக இல்லாமல் வருஷக் கணக்கில் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அணை மின் நிலையத்தின் இன்றைய திறன் 50 மெகாவாட். 1960-களில் சுரங்க மின் நிலையம் 200 மெகாவாட்டுடன் சேர்ந்தது. 1980-களின் கடைசியில் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என நான்கு கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். 2000-க்குப் பிறகு பவானி கட்டளைக் கதவணைகள் மூன்று, அவையும் தலா 30. எல்லா நிலையமும் ஓடும் நாளில், முக்கொம்பில் காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் பிரிவதற்கு முன் அந்தத் தண்ணீர் எட்டு இடத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அம்மா மண்டபத்தில் படித்துறையில் நின்று பார்க்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். எட்டு வீட்டில் வேலை செய்துவிட்டு வந்தும் களைப்பில்லாமல் ஓடுகிறாள். மொத்தம் கூட்டினால் 460 மெகாவாட். தொகை பெரிது போலத் தெரியும். ஆனால் அதே மேட்டூரில், 1987 முதல் 1990-க்குள் வந்த அனல் மின் நிலையம் மட்டும் 840 மெகாவாட். ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, சென்னைப் பக்கம் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேட்டூர் வந்து எரிகிறது. நீரின் வாசலிலேயே நிலக்கரி கடை போட்டுவிட்டது.

நிலக்கரியின் காலம் தமிழ்நாட்டில் உண்மையில் நெய்வேலியில் தொடங்கியது. 1957 மே 20-ல் நேரு பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதே 1957-ல், ஜூலை 1 அன்று, மின்சார வாரியம் உருவானது. தனியார் விநியோகக் கம்பெனிகளை எடுத்துக்கொள்ள 1973-ல் ஒரு சட்டமே வந்தது. நம் ஊர்க் கம்பெனியும் போய், "ஈ.பி." என்ற இரண்டெழுத்து நம் நாக்கில் நிலைத்துவிட்டது. இப்போது வாரியத்தைப் பல கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள், ஆனாலும் "ஈ.பி. பில் கட்டியாச்சா?" என்றுதான் கேட்கிறோம்.

திருச்சிக்கு அந்தக் காலம் கொடுத்த பெரிய சொத்து திருவெறும்பூரில் வந்த பெல். செக்கோஸ்லோவாகியா நாட்டின் உதவியோடு அமைந்த உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியா முழுக்க உள்ள அனல் மின் நிலையங்களில் எரியும் பாய்லர்களில் பெரும்பங்கு இங்கே உருவானவை. பாய்லர் என்றால் வெந்நீர் அண்டா அளவில் நினைத்துவிடாதீர்கள். 500 மெகாவாட் பாய்லரின் இரும்புச் சட்டம் ஏறக்குறைய நம் மலைக்கோட்டை உயரம் வரும். மலைக்கோட்டை 83 மீட்டர், ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, அதாவது 72 மீட்டர். இன்னொரு விசேஷம், அந்தப் பாய்லர் தரையில் உட்காராது. மேலே உள்ள உத்தரத்திலிருந்து தொங்கும். சூடேறினால் இரும்பு விரியும் அல்லவா? கீழ்நோக்கி விரிய இடம் விட்டுத் தொங்கவிடுகிறார்கள். அங்கே வேலை பார்த்த நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது, கூரையிலிருந்து ஊஞ்சலைத் தொங்கவிட்ட ஸ்ரீரங்கத்து வீடுகள்தான் எனக்கு ஞாபகம் வந்தன.

கைலாசபுரம் டவுன்ஷிப், துவாக்குடியில் நூற்றுக்கணக்கான பேப்ரிகேஷன் பட்டறைகள், வெல்டிங் கற்ற பையன்கள், அவர்களுக்கு வாடகை வீடு கட்டியவர்கள், கேன்டீன் நடத்தியவர்கள், லாரி வாங்கியவர்கள் எல்லோரும் நிலக்கரியின் புண்ணியத்தில் வாழ்ந்தார்கள். நம் குடியிருப்பிலேயே எத்தனை பேர் அந்த ஆலையின் ஓய்வூதியர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வங்கியில் நான் பார்த்த கேஷ் கிரெடிட் கணக்குகளில் கணிசமானவை இந்தப் பட்டறைகளுடையவை. நாட்டில் எங்கோ ஒரு அனல் நிலையத்துக்கு ஆர்டர் கிடைத்தால், ஆறு மாதத்தில் எங்கள் கவுன்டரில் அது தெரியும். பில் டிஸ்கவுண்ட் செய்ய வரிசை நிற்கும். 2012-க்குப் பிறகு நாடு முழுவதும் அனல் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது அதே கவுன்டரில் அமைதி தெரிந்தது. வட்டி கட்ட வருபவர் முகத்தைப் பார்க்காமல் பாஸ்புக்கை நீட்டுவார். சில பட்டறைகள் காற்றாலைக் கோபுரம் செய்யும் பக்கம் திரும்பிப் பிழைத்தன. சில மூடின.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலக்கரி கெட்டது, சூரியன் நல்லது என்று வாட்ஸ்ஆப்பில் ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். காற்றும் புகையும் பற்றிய கவலை நியாயமானது. சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவரைக் கேட்டால் தெரியும். ஆனால் இந்த ஊரின் பல வீடுகளின் கிரகப்பிரவேசம் அந்த நிலக்கரியால் நடந்தது. மாற்றம் வரும்போது அந்த வீடுகளின் கதி என்ன என்று கேட்பதும் நியாயம்தான் என்பது என் கட்சி.

இப்போது "மரபுசாரா" என்ற பெயருக்கு வருவோம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், ஒரு பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலர் அளவுக்குப் போனது. அந்தச் சூடு பட்ட பிறகுதான் உலகம் மாற்று வழி தேடியது. டில்லியில் 1981-ல் ஒரு ஆணையம், 1982-ல் மரபுசாரா எரிசக்தித் துறை, 1992-ல் அதற்கே தனி அமைச்சகம். தமிழ்நாட்டில் 1980-களின் நடுவில் டெடா என்ற எரிசக்தி மேம்பாட்டு முகமை. 2006-ல் டில்லி அமைச்சகம் பெயரை மாற்றிக்கொண்டு "புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி" ஆனது. நம் சுற்றறிக்கை மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது, செயலாளர் கவனிக்கவும்.

அந்த 1980-களில் நான் வேலைக்குப் புதிது. லால்குடி, மண்ணச்சநல்லூர் பக்கக் கிராமங்களிலிருந்து சாண எரிவாயுக் கலனுக்குக் கடன் விண்ணப்பங்கள் வரும். மானியம் உண்டு, மீதி வங்கிக் கடன். இரண்டு கன மீட்டர் கலனுக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும், அதாவது நாலைந்து மாடு. கலன் நன்றாக எரிந்த வீடுகளில் பெண்கள் புகையிலிருந்து விடுபட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். பிறகு டிராக்டர் வந்தது, மாடு போனது, சாணம் போனது, கலன் துருப்பிடித்தது. கேஸ் சிலிண்டரும் சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. கடன் மட்டும் லெட்ஜரில் கொஞ்ச நாள் நின்றது!

காற்றாலைக் கதை இதற்கு நேர் எதிர். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு சோதனைக் காற்றாலைகள் நின்றன. பிறகு கயத்தாறு, முப்பந்தல், பல்லடம், உடுமலை என்று பரவியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வரும் இடங்கள் இவை. அம்மியையே பறக்க விடும் ஆடிக்காற்றுக்கு ஒரு காற்றாடியைச் சுற்றுவது பெரிய காரியமா? ஆனால் இவ்வளவு காற்றாலைகளை நட்டது காற்று மட்டும் இல்லை, வருமான வரிச் சட்டமும்தான். இந்த இடத்தில் பி.காம். படிப்பு உதவுகிறது. 1990-களில் காற்றாலையின் விலை முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். ஒரு கோடி லாபம் வந்த மில் முதலாளி, ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால் அந்த வருஷம் வரி கட்டும் வருமானம் பூஜ்யம். அதனால் மார்ச் மாதத்தில் விற்பனை சூடு பிடிக்கும். சிலருக்குக் காற்றாலை சுற்றுகிறதா என்பதை விட, மார்ச் 31-க்குள் நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. பின்னால் 100 சதவீதம் 80 ஆயிற்று. 2012-ல் அந்தச் சலுகை நின்றது, 2014-ல் திரும்பியது, 2017-லிருந்து 40 சதவீதம். ஓடும் யூனிட்டுக்குப் பணம் என்ற முறையில் 2009-ல் யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகையும் வந்தது. அதுதான் சரியான கணக்கு என்பேன். இயந்திரம் வாங்கியதற்கு அல்ல, வேலை செய்ததற்குக் கூலி.

காற்றாலைக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் இருந்தது, அதன் பெயரே "பாங்கிங்". காற்று சீசனில் அதிகமாக உற்பத்தியாகும் யூனிட்களை வாரியத்தில் போட்டு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை கேள்விப்பட்டபோது எங்கள் தொழிலைத் திருடிவிட்டார்கள் என்று சிரித்தேன். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு இருந்தும் 2012-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம், நமக்கு அரை நாள். இன்வெர்ட்டர் விற்றவர்கள் பிழைத்தார்கள். நம் ஜெனரேட்டர் அப்போது குடித்த டீசலுக்கான பில்கள் அசோசியேஷன் ஃபைலில் இன்னும் இருக்கின்றன, பொதுக்குழுவுக்கு முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அந்தக் காலத்தில் காற்றாலைகள் சில மாதம் தாங்கின, காற்று நின்றதும் இருட்டு திரும்பியது. பிறகு கூடங்குளம், புதிய அனல் யூனிட்கள், வெளிமாநில மின்சாரம் எல்லாம் சேர்ந்துதான் நிலைமை சீரானது. கரூர் அருகே புகளூருக்குச் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டக் கம்பி வந்திருக்கிறது. திறன் 6,000 மெகாவாட். அங்கிருந்து நிலக்கரி மின்சாரம் வரும். நம் பக்கம் காற்று அதிகமான நாளில் அதே கம்பியில் வடக்கே அனுப்பவும் வழி உண்டு. வரவும் பற்றும் ஒரே கணக்கில்.

தலைப்பு மாற்றும் வேலை இன்னும் ஓயவில்லை. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் அணுமின்சாரம் "மரபுசாரா" பட்டியலில் இருக்கிறது. பேரனுக்குப் பாடம் சொல்லும்போது பார்த்தேன். கல்பாக்கம் 1983-ல் இயங்கத் தொடங்கியது, கிட்டத்தட்ட என் சர்வீஸ் வயது. பெரிய அணைகளின் மின்சாரம் நீண்ட நாள் "மரபு" பக்கம்தான் இருந்தது, 25 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறிய நிலையங்களுக்கு மட்டும் புதுப்பிக்கத்தக்கது என்ற பெயர். 2019 மார்ச்சில் மத்திய அரசு பெரிய நீர்மின்சாரமும் புதுப்பிக்கத்தக்கதே என்று அறிவித்தது. ஒரே ஜர்னல் என்ட்ரியில் 1937-ன் மேட்டூர் கட்சி மாறிவிட்டது. தண்ணீர் அதே தண்ணீர், ஓட்டமும் அதே ஓட்டம்.

சரி, நம் மாடிக்கு வருவோம். முடிவு உங்களுடையது, நான் எண்களை மட்டும் வைக்கிறேன். நம் போன்ற அடுக்ககங்களின் பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு 2022 செப்டம்பரில் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தனி விகிதம் வந்தது. 2023 நவம்பரிலிருந்து பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்குள் உள்ள, லிஃப்ட் இல்லாத சின்னக் கட்டடங்களுக்கு மட்டும் குறைத்தார்கள். நமக்கு லிஃப்ட் இருக்கிறது, எனவே அந்தச் சலுகை இல்லை. வீட்டுக்கு வீடு கிடைக்கும் 100 யூனிட் இலவசம் பொது மீட்டருக்குக் கிடையாது.

ஒரு கிலோவாட் பேனலுக்கு நிழலில்லாத சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் ஊரில் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். பத்து கிலோவாட் போட்டால் ஆயிரம் சதுர அடி, நாளைக்கு 40 யூனிட், வருஷத்துக்கு 14,600 யூனிட். எல்லாவற்றையும் நாமே பயன்படுத்தி, யூனிட் 8 ரூபாய் என்றே வைத்துக்கொண்டால் 1,16,800 ரூபாய் மிச்சம். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம், ஆகப் பத்துக்கு 1,80,000. கொட்டேஷன் வந்ததும் இந்தத் தொகையைக் கழித்து, மிச்சத்தை ஆண்டு மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்று தெரிந்துவிடும். பேனல்களுக்குப் பொதுவாக 25 வருஷ உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் வராது, நடுவில் ஒரு தடவை மாற்ற ஒதுக்கி வையுங்கள்.

இரண்டு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. திருச்சி வெயிலுக்குப் பேனல் அள்ளித் தரும் என்று நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. கத்திரி வெயிலில் பேனலின் மேற்பரப்பு 60 டிகிரிக்குப் போகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி கொஞ்சம் இறங்கி, பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். அடுத்து, பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு இணைத்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே ஜெனரேட்டரை விற்றுவிடலாம் என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால் கை தூக்காதீர்கள்.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. இப்போது வாட்ச்மேன் விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் போடுகிறார். சோலார் வந்தால் பதினொரு மணிக்குப் போட வேண்டும். சூரியன் இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றிவிட்டால், இரவு குழாயைத் திறக்கும்போது பகல் வெயில்தான் இறங்குகிறது. ஆனைமலையில் காடம்பாறை என்று 400 மெகாவாட் நிலையம் இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிறது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே இறைத்து, தேவைப்படும் நேரத்தில் கீழே விட்டு டர்பைன் சுற்றுகிறார்கள். நம் ஓவர்ஹெட் டேங்க் அதன் பேரப்பிள்ளை. ஆனால் காலை ஐந்து மணிக்கும் டேங்க்கில் தண்ணீர் மிச்சம் இருக்க வேண்டும். அதற்கு இப்போதுள்ள கொள்ளளவு போதுமா என்று பராமரிப்புக் குழு ஒரு வாரம் அளந்து பார்த்து, பொதுக்குழுவுக்கு முன் நோட்டீஸ் போர்டில் போட வேண்டும்.

மேற்கு ஓரத்தில் துணி உலர்த்தும் கொடிகளும் வடகத்துக்கு விரிக்கும் இடமும் இருக்கின்றன. அந்த இடத்தில்தான் நிழல் விழுவதில்லை என்று அளக்க வந்தவர் சொன்னார். டேங்க்கின் நிழலும் லிஃப்ட் அறையின் நிழலும் மற்ற பக்கங்களைத் தின்றுவிடுகின்றன. எனவே வடகமும் பேனலும் ஒரே வெயிலுக்குப் போட்டி போடப் போகின்றன. மாமிகள் அனைவரும் பொதுக்குழுவுக்கு அவசியம் வரவும்.